அண்ணியோடு ஒரு கோப்பை

சாயங்கால வெயில் உணவகத்தின் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியாக மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. தையல்காரி தன் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், துணிக் கைக்குட்டையின் ஓரத் தையலை நீவிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, இவள் தைத்துக் கொடுத்த சட்டையை நாலு பேர் நடுவே காட்டி, "இவ தைச்சா அளவே சரியா வராது" என்று அண்ணி சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இன்று சாப்பிடக் கூப்பிட்டதும் அண்ணிதான். பரிமாறுகிற பெண் இரண்டு கோப்பைகளிலும் ஒயினை ஊற்றுகிறாள். ஆரஞ்சு நிறத்தில் கலங்கலாக இருக்கிறது. "வடிகட்டாம செஞ்சது, இப்படித்தான் இருக்கும்," என்கிறாள். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்கிறாள். "புளிச்ச ஆப்பிள் மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு கூட்டம்?" தையல்காரிக்குச் சிரிப்பு முட்டுகிறது, அடக்கப் போய் வாயிலிருந்த ஒயின் மூக்கில் ஏறிவிடுகிறது. சூடாக ரொட்டி வருகிறது. அண்ணி அதைப் பிய்த்து, முறுகலான ஓரத்தை இவள் தட்டில் வைக்கிறாள். பிறகு வெண்ணெய்க் கத்தியைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி. அந்தச் சட்டையைத்தான் போட்டுட்டு வந்திருக்கேன், பாரு," என்கிறாள். இவள் பார்க்கிறாள். தோள்பட்டை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இடுப்பில் மட்டும் துணி இழுத்துச் சுருங்கியிருக்கிறது. "இடுப்புல கொஞ்சம் பிடிக்குது, அண்ணி. வீட்டுக்கு வாங்க, பிரிச்சு விடறேன்." இரண்டு வருஷம் கழித்து அந்த 'அண்ணி' தானாகவே வந்துவிட்டது. அண்ணி அடுத்த துண்டு ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவுகிறாள். "நாளைக்கு வரேன். இன்னைக்குச் சாப்பிட்ட வயித்துக்கு அளவெடுத்தா, பழி மறுபடியும் உன் தலையிலதான் விழும்."