மாவு பூசின முகம்

பஜனைக்கு முன்னாடி மிருதங்கத்தோட வலது முகம் இடது முகத்தைச் சீண்டுச்சு. "என்னடி, வாசிக்கிறவர் உன் மூஞ்சியெல்லாம் ரவை மாவை அப்பிட்டாரு! என் கறுப்புப் பொட்டைப் பாரு, ஜொலிக்குது."

இடது கூசிப்போச்சு. "நீயே பேசுக்கா. நான் வாயத் திறந்தா சிரிப்பாங்க."

பாட்டு ஆரம்பிச்சுது. வாசிக்கிறவர் எவ்வளவு தட்டியும் இடது மூச்சுகூட விடல. வலது மட்டும் தகர டப்பா மாதிரி 'டிங் டிங்'குன்னு கத்துச்சு.

பாடுறவர் நிறுத்தினார். "மிருதங்கத்த ஓரமா வச்சிடுப்பா. கைதட்டிப் பாடிக்கலாம்."

வலது கெஞ்சுச்சு. "தங்கச்சி, கூட வாடி. தனியா பயமா இருக்கு."

"உனக்குமா பயம்?" இடதுக்கு மனசு இளகிடுச்சு. வாசிக்கிறவர் கடைசியா ஒரு தடவை தட்ட, மாவையும் மூஞ்சியையும் மறந்து 'தோம்'முன்னுச்சு; வலதும் கூடச் சேர்ந்துச்சு.

அதைக் கேட்டதும் பாடுறவர் கண்ண மூடி மறுபடி பாட ஆரம்பிச்சார்.

"அக்கா, இப்பப் பேசினது நீயா, நானா?"

"தெரியலடி. பாட்டைக் கேளு."