பத்து வயது குறைந்தவர்

மனைவியின் உள்ளங்கைகள் இரண்டும் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. மஞ்சள் காமாலைதான் என்று தானே முடிவுகட்டி, சாஸ் கம்பெனி சூப்பர்வைசர் அவளை டாக்டரிடம் இழுத்து வந்திருந்தார்.

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. காமாலை இல்லை" என்றார் டாக்டர். "தக்காளி நிறைய சாப்பிடுவீங்களாம்மா?"

"இவ தொடவே மாட்டா டாக்டர்" என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "நான்தான் தக்காளிப் பைத்தியம். சத்தெல்லாம் தோல்லதான் இருக்கு. எங்க கம்பெனியில அதைக் கழிவுன்னு மாட்டுக்கு அனுப்பறாங்க, விவரம் கெட்டவங்க. நான் மூட்டையா வீட்டுக்குக் கொண்டுவந்துடுவேன். இவ காயவெச்சு, பொடிச்சு, கேப்ஸ்யூல்ல அடைச்சுக் குடுப்பா. ஆறு மாசமா வேளைக்கு நாலு. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

"இவங்களுக்குக் குடுக்கறதில்லையா?"

"வீட்டுல சும்மா இருக்கறவளுக்கு எதுக்கு டாக்டர் இளமை?"

மனைவி தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்தாள்.

"அந்தத் தோல்ல இருக்கற சிவப்புச் சத்து உடம்புல மிஞ்சிப்போனா கை இப்படித்தான் ஆகும். பயப்பட ஒண்ணுமில்லை, குறைச்சாப் போயிடும்" என்ற டாக்டர், அவர் பக்கம் திரும்பினார். "எங்க, உங்க கையைக் காட்டுங்க."

சூப்பர்வைசர் பெருமையாக நீட்டினார். உள்ளங்கைகள் இரண்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தன.

அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்ப நான் இத்தனை நாளா முழுங்கினது?"

"கோதுமை மாவுங்க" என்றாள் மனைவி. "பத்து வயசு குறைஞ்சிருக்குன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. அதான் நிறுத்த மனசு வரலை."