இரண்டு மிதவைகள்

ஜெனோவா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த இரண்டே நாளில், அவளுடைய ஒடுங்கிய கயாக் படகின் இருபுறமும் கம்பு வைத்து மிதவை கட்டியிருந்தான் கணவன் சவரிமுத்து.

"இனி ஆடாது. பயமில்லாமப் போ."

ஏறி உட்கார்ந்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். முன்பெல்லாம் அதற்கே படகு திரும்பிவிடும். இப்போது கட்டில் மாதிரிக் கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆடாம இருக்கணும்னா வீட்டுலயே கிடக்க மாட்டேனா? யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?"

கயிறுகளை அறுத்து, மிதவைகளை அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"பயம் உங்களுக்குத்தானே. நீங்களே வச்சுக்கோங்க."

அவள் துடுப்பு வலிக்க, படகு அலைகளில் சாய்ந்து சாய்ந்து போனது. அது இடப்பக்கம் சாயும்போதெல்லாம், கரையில் மிதவைகளோடு நின்ற சவரிமுத்து வலப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தான்.