தாயே

பேச்சாளரின் கடைவாயில் வழிந்த எச்சில் மோவாயைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த துண்டை உதறி மடித்தாள்.

வீடு தேடி வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு எச்சில் புதிதல்ல. பக்கவாதம் வந்தவர்களின் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைப் பிடித்துத் திருப்புவதுதான் அவள் பிழைப்பு. அவளுக்குக் குமட்டியது அந்த மனைவியைப் பார்த்துத்தான்.

"கொஞ்சம் துடைச்சு விடக்கூடாதாம்மா?"

"நீங்க போனதும் குளிப்பாட்டத்தானே போறேன் மேடம். அப்ப எல்லாம் போயிடும்."

குரலில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. போதாக்குறைக்கு ஏதோ பாட்டை வேறு முணுமுணுத்தாள். புருஷன் வாயடைத்துக் கிடக்கும்போது இவளுக்குப் பாட்டு ஒரு கேடா என்று பயிற்சிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எச்சிலைத் துடைத்துவிட்டது பேச்சாளரின் அக்காதான். தம்பி படுத்ததிலிருந்து இங்கேயே வந்து தங்கிவிட்டவள்.

"எப்பேர்ப்பட்ட வாய் தெரியுமாம்மா இது! பெண்களை மதிக்கணும்னு இவன் மேடையில பேச ஆரம்பிச்சா, கூட்டமே கண்ணைத் துடைச்சுக்கும். எந்தப் பொம்பளையைப் பார்த்தாலும் 'தாயே'ன்னுதான் கூப்பிடுவான். இப்பக்கூடப் பாரு, பொண்டாட்டி குறுக்கே நடந்தா போதும், அதைத்தான் சொல்ல வர்றான்."

உண்மைதான். மனைவி கண்ணில் பட்டதும் அவர் முகம் சிவக்கும், வாய் கோணும், தொண்டையிலிருந்து "ஆ… யே" என்று ஒரு சத்தம் கிளம்பும். வேறு யாரைப் பார்த்தும் அது வருவதில்லை.

நோய் எல்லாச் சொற்களையும் வழித்துக்கொண்டு போன பிறகும் ஒன்றிரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாக்கில் அதிகம் புழங்கிய சொல்தான் அப்படி மிஞ்சும் என்பது அவள் தொழிலில் கண்டது. கட்டிய மனைவியைத் தாயே என்று அழைத்த மனிதரை நினைத்து அவளுக்கு நெஞ்சு இளகியது. அந்த ஒரு சொல்லையாவது முழுசாக வரவழைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மனைவியை எழுப்பி அவர் எதிரே உட்காரவைத்தாள். அவளோ நாற்காலியைக் கை எட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள் போல உட்கார்ந்தாள்.

"நாக்கு நுனி மேல்பல்லைத் தொடணும் சார். தா… தா… மூச்சு வாய் வழியா வரட்டும், மூக்கு வழியா விட்டுடாதீங்க."

அவர் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தாள். 'தட்டு' என்று சொல்லச் சொன்னால் தட்டுத்தடுமாறிச் சொன்னார். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. மனைவியைப் பார்த்து அவராகச் சொல்ல வரும்போது மட்டும் மூக்குக் காற்று பட்டுக் கண்ணாடி மங்கியது. உணர்ச்சிவசப்பட்டால் தொண்டைத் தசை தளர்ந்துவிடுகிறது போலும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வாரங்கள் ஓடின. ஒருநாள் அவள் கிளம்பும்போது மனைவி வாசல்வரை கூடவே வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்கட்டுமா? இப்ப சாப்பாடு நல்லா முழுங்குறாரு. வேணுங்கிறதைக் கையால காட்டுறாரு, நானும் ஒண்ணு விடாம செஞ்சுடுறேன். பேச்சு… வந்துதான் ஆகணுமா?"

"என்னம்மா பேசுறீங்க? உங்களைக் கூப்பிடத்தானே மனுஷன் இந்தப் பாடு படுறாரு!"

"தெரியும் மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். இப்படியும் ஒரு ஜென்மமா! தெருமுனை திரும்பும்வரை பயிற்சிக்காரிக்கு வாயெல்லாம் கசந்தது. மாத்திரையைக் கடித்து மென்றது போல ஒரு கசப்பு.

அடுத்த முறை அவள் வந்தபோது மனைவி குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பேச்சாளரின் பார்வை அந்த முதுகிலேயே நிலைகுத்தி நின்றது. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

பயிற்சிக்காரி ஓடிப்போய் அவர் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். கோணிய உதட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கினாள். "வருது சார், வருது! விட்டுடாதீங்க! நாக்கு பல்லுல… அப்படித்தான்!"

"நா…யே."

அக்காதான் முதலில் சுதாரித்தாள். "கேட்டியாம்மா? தாயேன்னுட்டான்!" என்றாள். அவள் கண் மட்டும் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தது.

பயிற்சிக்காரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரலெல்லாம் எச்சில். இத்தனை ஆண்டுத் தொழிலில் முதன்முறையாக அது அவளுக்கு அருவருத்தது.

"நாயே!"

தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமலேயே இப்போது சுத்தமாக வந்தது, பழைய மேடைக் கம்பீரத்தோடு.

மனைவி துணியைத் தரையில் போட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

"இதோ வந்துட்டேங்க."