காளை கீறிய கார்

“ஓசின்னா இந்த மனுசன் ஒட்டகத்தைக்கூடக் கொண்டாந்து பாலிஷ் போடச் சொல்லுவாரு” என்று பெல்சி பல்லைக் கடித்தாள்.

“மெதுவாப் பேசு, காதுல விழுந்துறப் போகுது” என்றான் அவள் புருஷன் மரிய ஜெரால்டு.

விழுந்தால்தான் என்ன? எதிர்த்த டயர்க்கடை சேவுகப்பெருமாள் தன் கறுப்புக் காரைக் கொண்டுவந்து இவர்கள் ஷெட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் செக்காலையில் புதிதாகக் கார் பாலிஷ் கடை திறந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வண்டிகள் வருகின்றன. அதில் பெயர் வாங்கினால் கடை நிற்கும். பெயிண்டைக் கெடுத்தால், திறந்த ஷட்டரை அப்படியே இறக்கிவிட வேண்டியதுதான்.

கையில் இருந்த காசுக்குப் பாலிஷ் மிஷின் ஒன்றுதான் வாங்க முடியும். மதுரையிலிருந்து விற்பனைக்காரர் கதிரவன் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். இரண்டுமே டூயல் ஆக்‌ஷன். தட்டு சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். பெரியது அகலமாக ஆடும், வேலை சீக்கிரம் முடியும். சின்னது கொஞ்சமாக ஆடும், நேரம் பிடிக்கும். துபாயில் வேலை பார்த்தபோது ஜெரால்டு பிடித்ததெல்லாம் வெறுமனே சுற்றுகிற பழைய மிஷின். எதை எடுப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எடுத்துவிட்டால் திருப்பித் தரவும் முடியாதாம்.

காற்றில் ஓட்டிப் பார்த்து மிஷின் வாங்க முடியுமா? கீறல் விழுந்த கார் ஒன்று வேண்டும். நேற்றெல்லாம் ஜெரால்டு கேட்காத ஆள் இல்லை. சோதனைக்குக் காரைக் கேட்டால், கண்ணைத் தோண்டிக் கேட்ட மாதிரி எல்லாரும் பின்வாங்கினார்கள்.

இன்று காலையில்தான் சேவுகப்பெருமாள் வந்து இறங்கினார். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத வண்டி. பானட், கதவு, பம்பர் எங்கே பார்த்தாலும் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல்.

“எப்படிண்ணே இப்படி ஆச்சு?” என்றான் ஜெரால்டு.

“மஞ்சுவிரட்டுக்குப் போயிருந்தேன்ப்பா. ஒரு காளை, யானைக்கு அண்ணன் மாதிரி. பிடிக்க வந்த பயலெல்லாம் மரத்துல ஏறிட்டான். அது நேரா வந்து என் பானட்ல ஏறி உக்காந்துருச்சு. ஒக்கூர் வரைக்கும் இறங்கலையே! அங்க டீக்கடையில நிப்பாட்டி, பன்னு வாங்கிக் குடுத்தப்புறம்தான் இறங்குச்சு.”

“காளை கீறுனா வட்டம் வட்டமாவாண்ணே விழும்?” என்றாள் பெல்சி.

“முறுக்குக் கொம்புத்தா அது.”

வண்டியை எருமையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார், அதை மறைக்கக் காளையைக் கூப்பிடுகிறார் என்று பெல்சி முடிவு கட்டிக்கொண்டாள்.

ஜெரால்டு பானட்டின் நடுவில் டேப் ஒட்டினான். இடப்பக்கம் பெரிய மிஷின், வலப்பக்கம் சின்னது. முடித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். இடப்பக்கம் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். வலப்பக்கம் கீறல் இன்னும் பாதி மிச்சம்.

“அப்பப் பெரியதுதான். பில் போட்டுரலாமா சார்?” என்றார் கதிரவன்.

ஜெரால்டு தலையை ஆட்டுவதற்குள் சேவுகப்பெருமாள் குறுக்கே விழுந்தார். “ஏப்பா, காருன்னா பானட் மட்டுந்தானா? பம்பரை ஒன் மாமனாரு வந்து போடுவாரா?”

“எங்கப்பா வந்தா ஒங்க தலைக்கும் சேத்துப் போட்டுட்டுப் போவாரு” என்றாள் பெல்சி.

“அதுக்கு மிஷின் எதுக்குத்தா? ஏற்கெனவே பளபளன்னுதான இருக்கு” என்று அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

பம்பரின் வளைவுக்குப் போனதும் பெரிய மிஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது. தட்டு சுற்றாமல் நின்று, ஜெரால்டின் கையைப் போட்டு உதறியது. சின்னதோ வளைவோடு வளைவாகப் பூனைக்குட்டி போல ஒட்டிக்கொண்டு போனது.

“கைப்பிடிக்குப் பக்கத்துல?” என்றார் சேவுகப்பெருமாள். பிறகு “லைட்டுக்குக் கீழ?” என்றார். அவர் விரல் நீட்டிய இடத்திலெல்லாம் பெரியது முரண்டு பிடித்தது, சின்னது சொன்னபடி கேட்டது.

ஜெரால்டு நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். “இப்ப வர்ற காரெல்லாம் வளைவும் நெளிவுமாத்தான் வருது. பானட்ல கொஞ்சம் நேரம் கூடப் போனாப் போகுது. சின்னதையே குடுங்க சார்.”

கதிரவன் பெரியதைக் கட்டிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தார்.

சேவுகப்பெருமாள் எழுந்திருக்கவில்லை. “மிச்சத்தையும் முடிச்சுருப்பா. பாதி மொட்டை அடிச்ச மாதிரி விட்டா ஊரு சிரிக்காதா?”

சாயங்காலம் கார் பளபளத்தது. கண்ணாடி என்று நினைத்து ஒரு காக்கா வந்து தன்னோடு தானே சண்டை போட்டுவிட்டுப் போனது.

“அடுத்த தடவை ஓசி இல்லண்ணே, காசு உண்டு” என்றாள் பெல்சி.

“அதை அந்தக் காளைகிட்ட வாங்கிக்கத்தா!” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி மாரீஸ்வரி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். “ஏத்தா பெல்சி, எங்க வீட்டு மனுசன் இங்குட்டு வந்தாகளா? வண்டி பழையபடி ஆயிருச்சா?”

“ஆயிருச்சுக்கா. இனிமே மஞ்சுவிரட்டுக்கெல்லாம் காரைக் கொண்டுபோக வேணாம்னு சொல்லுங்க.”

“மஞ்சுவிரட்டா? அது எங்குட்டுமே போகலையே! நேத்து வரைக்கும் கண்ணாடியாட்டம் இருந்த வண்டித்தா. காலையில பாத்தா, தேங்கா நாரையும் சாம்பலையும் வச்சுப் பித்தளை அண்டா விளக்குற மாதிரி விளக்கிக்கிட்டு இருக்காக. பதறிப்போய்க் கேட்டேன். ‘கீறல் இல்லாத வண்டியில அந்தப் பய மிஷினை எப்படிடி சோதிப்பான்? பாவம், ஊரெல்லாம் அலைஞ்சு கேட்டும் ஒருத்தனும் தரலையே’ங்கிறாக!”