ஏஜினாவின் தாலந்து

கேள்வி கேட்க எழுந்தவர் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடியே மைக்கை வாங்கினார்.

முன்வரிசை ஓரத்தில் இருந்த அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேடையில் அவள் கணவர். அந்தப் புத்தகத்தைக் கிரேக்கத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த பெரிய மனிதர். இவ்வளவு நேரம் பேசியும் இவள் பேச்சை எடுக்கவே காணோம்.

முன்னுரையில் அட்டை ஒட்டியவர் வரைக்கும் நன்றி சொல்லியிருந்தார். இவளை மட்டும் விட்டுவிட்டார். கேட்டதற்கு, "அட, மறந்துபோச்சு. மேடையில சொல்லிடறேன், போதுமா?" என்றார்.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இடுப்புவலியோடு இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

புத்தகத்தில் வருகிற பழைய கிரேக்க எடைகளை எல்லாம் கிலோவாகவும் கிராமாகவும் மாற்றியது அவள்தான். திராக்மா என்றால் நாலு கிராம் சொச்சம். நூறு திராக்மா ஒரு மினா, அறுபது மினா ஒரு தாலந்து. அடுப்பில் பால் பொங்கி வழிய, சமையல் தராசில் சர்க்கரையைக் கொட்டி, ஒரு மினா கையில் எவ்வளவு கனக்கிறது என்று தூக்கிப் பார்த்த பைத்தியம் அவள்.

"ஐயா, ஏதென்ஸ் தாலந்து இருபத்தாறு கிலோ, சரி. ஏஜினா தீவுல தாலந்து முப்பத்தேழு கிலோ ஆச்சே? நீங்க அதுக்கும் இருபத்தாறே போட்டிருக்கீங்க. கப்பல் சரக்குக் கணக்கு மொத்தமும் தப்பாயிடுதே?" என்றார் மைக் பிடித்தவர்.



கணவர் தண்ணீர் குடித்தார். சிரித்தார். கையை நீட்டி அவளைக் காட்டினார்.

"எடைக் கணக்கெல்லாம் என் வீட்டுக்காரம்மா பார்த்தது. அவங்களையே கேளுங்க."

சொல்லிவிட்டார். மேடையில் சொல்லியேவிட்டார், புண்ணியவான்.

தலைகள் எல்லாம் திரும்பின. மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்து சேர்ந்தது.  எழுந்து மேடையைப் பார்த்தாள். அவர் முகத்தில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அப்படியொரு கெஞ்சலை அவள் பார்த்ததில்லை.

"ஆமாங்க. தப்பு என்னோடதுதான். அடுத்த பதிப்புல திருத்திடறேன்."

யாரோ கைதட்டினார்கள். பிறகு அரங்கமே தட்டியது. பெரிய மனசு என்று பின்னால் யாரோ சொல்வதும் காதில் விழுந்தது.

முப்பத்தேழு என்றுதான் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரே புத்தகத்தில் இரண்டு தாலந்து இருந்தால் படிக்கிறவன் குழம்பிப்போவான் என்று அதை அடித்துவிட்டு, ஏஜினா வருகிற இடத்திலெல்லாம் இருபத்தாறு போட்டது அவர். ஊருக்கு ஊர் எடை மாறும் என்று அவள் மல்லுக்கு நின்றாள். உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பார் என்றார்.

அதை இப்போதுகூடச் சொல்லலாம். மைக் கையில்தான் இருந்தது.

ஆனால் கைதட்டல் ஓயவில்லை. வெட்கக்கேடு, அவளுக்கு அது பிடித்திருந்தது.