இரண்டாவது கோடு

காய்ச்சலில் துவண்டுபோன மகள் ஜெனிபர் அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் கண் மூடிக் கிடக்கிறாள். அவளுடைய ஒரு சொட்டு ரத்தத்தை வாங்கிக்கொண்ட டெங்குப் பரிசோதனைப் பட்டை மேசைமேல் மாலை வெயிலில் இருக்கிறது. "பந்த்ரா மினிட் தாம்பா, தாயி," என்று மராத்தியில் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லிப் போகிறாள் நர்ஸ். ஒரு கோடு வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தால் டெங்கு. "நீ இவள உண்டாகியிருக்கியான்னு பாக்கவும் இப்படித்தான ஜோசி, கசார்வாடி வீட்டு ஜன்னலோரம் பட்டையும் கையுமா நின்னோம்," என்கிறான் மாடசாமி. "ரெண்டாவது கோடு வரலன்னு அழுதது நீங்கதான்," என்று ஜோசபின் மெல்லச் சிரிக்கிறாள். அன்று அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. இப்போதும் மங்கலாக, இளஞ்சிவப்பாக எழுகிறது. நினைவில் இன்னும் அந்தப் பழைய ஜன்னலோரமே நின்றிருந்த மாடசாமியின் முகம் சட்டென்று மலர்ந்துவிடுகிறது. கண் திறந்த ஜெனிபர் அந்த முகத்தைப் பார்த்து, "நெகட்டிவ்வாப்பா?" என்கிறாள்.